இரண்டு முறை ஜெயித்தும் பேராயர் ஆகாதவர்: எபிஸ்கோப்பல் திருமண்டல மாநாடு பற்றி ஓர் இழை

நவம்பர் 11, 2024. வாசகர் ஒருவரின் கேள்வி

அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் (அங்குள்ள ஆங்கிலிக்கன் மரபுச் சபை) பேராயரைத் திருமண்டல மாநாட்டில் (திருமண்டலம் என்றால் ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படியானால் புளோரிடாவில் சார்லி ஹோல்ட் என்பவர் 2022-ல் ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஜெயித்தும் ஏன் பேராயர் ஆக முடியவில்லை? மற்ற திருமண்டலங்கள் சம்மதம் தரவில்லையாம். உள்ளூர்க்காரர் போட்ட ஓட்டை வெளியூர்க்காரர் தூக்கிப் போடுவது என்ன ஜனநாயகம்? இதற்கு நம்மூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தேர்தலே தேவலாம்.

நவம்பர் 11, இரவு

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் தென்தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. குடும்பம்தான். எந்தத் திருமண்டலம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த இழை நாளைக் காலைக்குள் வேறு எங்கோ போய்விடும்.

முதலில் ஒன்று. சி.எஸ்.ஐ.யிலும் உள்ளூர் ஓட்டு மட்டும் பேராயரை உண்டாக்குவதில்லை. திருமண்டலப் பெருமன்றம் சில பெயர்கள் கொண்ட ஒரு பேனலைத்தான் தேர்ந்தெடுக்கிறது, அந்தப் பெயர்களில் யார் என்பதை முடிவு செய்வது முழு சி.எஸ்.ஐ.க்கும் மேலவையான சினாடு. அதனால்தான் பேனலில் முதலில் வந்தவரை விட்டுவிட்டு இன்னொருவர் பேராயர் ஆனால் ஊர் முழுக்கக் கதை ஓடுகிறது. எபிஸ்கோப்பல் சபையில் அப்படி இல்லை. மாநாடு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். குருமார் தனியாக, சபைப் பிரதிநிதிகள் தனியாக ஓட்டுப் போடுவார்கள், ஒரே சுற்றில் இரண்டு பக்கமும் பெரும்பான்மை வந்தால்தான் ஜெயித்ததாகக் கணக்கு. வராவிட்டால் அடுத்த சுற்று, அதற்கும் அடுத்த சுற்று. அதன் பிறகு 120 நாளுக்குள் நாட்டிலுள்ள திருமண்டலப் பேராயர்களில் பெரும்பான்மையும், திருமண்டலங்களின் ஸ்டாண்டிங் கமிட்டிகளில் பெரும்பான்மையும் சம்மதம் எழுதித் தர வேண்டும். ஸ்டாண்டிங் கமிட்டி என்பது ஒவ்வொரு திருமண்டலத்திலும் உள்ள நிலைக்குழு, அதில் குருமாரும் உண்டு, சாதாரண சபையாரும் உண்டு. அபிஷேகம் அதற்குப் பிறகுதான்.

வெளியூர்க்காரருக்கு ஏன் இந்த உரிமை என்றால், பேராயர் ஒரு ஊருக்கு மட்டும் பேராயர் இல்லை. பேராயர்கள் அவையில் உட்கார்ந்து முழுச் சபைக்கும் சட்டம் இயற்றப் போகிறவர்.

நவம்பர் 12

புளோரிடா கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "மற்றவர்கள் சம்மதிக்கவில்லை" என்ற ஒரு வரியில் பாதிக் கதை காணாமல் போகிறது.

புளோரிடா மாநிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமண்டலங்கள் உண்டு. இது வடக்குப் பகுதி, ஜாக்சன்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. பேராயர் ஜான் ஹோவர்டு ஓய்வு பெறும் நேரம். (இங்கே 72 வயதில் இறங்கியே ஆக வேண்டும். நம்மூரில் 67-ஐ 70 ஆக்கும் திருத்தம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன கதை தெரியும்தானே.) 2022 மே 14 அன்று முதல் தேர்தல், ஹோல்ட் ஜெயித்தார். ஆனால் குருமார் தரப்பில் நேரில் வருவோரை வைத்துக் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேராது போலிருக்கவே, அவர்கள் ஜூம் வழியாக வரலாம் என்று கடைசி நேரத்தில் வழி திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வசதி சபைப் பிரதிநிதிகளுக்குக் கிடையாது.

இங்கே ஒரு விதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விதி. கடைசிச் சுற்றில் ஓட்டுப் போட்டவர்களில் 10 சதவீதம் பேர் சேர்ந்து, தேர்தல் நடந்து 10 நாளுக்குள், தேர்தல் நடந்த முறையைப் பற்றி எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தார்கள். விஷயம் சபைக்குள்ளேயே இருக்கும் மறுஆய்வு நீதிமன்றத்துக்குப் போனது. கோரம் விஷயத்தில் ஆட்சேபம் சரிதான் என்று அந்த நீதிமன்றம் ஆகஸ்டில் அறிக்கை தந்தது. ஹோல்ட் தான் ஏற்றுக்கொண்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நவம்பர் 19 அன்று இரண்டாவது தேர்தல். மறுபடி ஹோல்ட், மறுபடி ஆட்சேபம். ஆனால் இந்த முறை பேச்சு கோரத்தைத் தாண்டி, ஓட்டுரிமை உள்ள குருமார் யார் யார் என்ற பட்டியலுக்கே போய்விட்டது. அந்தத் திருமண்டலத்தில் வேலை செய்தும் வாழ்ந்தும் வந்த சில குருமாருக்குத் திருமண்டல உறுப்புரிமை தரப்படவில்லை, ஓரினச்சேர்க்கையாளர்களும் பேராயரின் நிலைப்பாட்டோடு முரண்பட்டவர்களும் அதில் பாரபட்சமாக நடத்தப்பட்டார்கள், அதனால் ஓட்டுரிமை இழந்தார்கள் என்று மறுஆய்வு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் எழுதியது. திருமண்டலத் தலைமை அதை மறுத்துப் பதில் எழுதியது. அந்த அறிக்கையும் கையில் இருக்க, நாடு முழுக்கச் சம்மதக் கடிதங்கள் கேட்கப்பட்டன. தேவையான எண்ணிக்கை வரவில்லை. 2023 ஜூலையில் எல்லாம் முடிந்தது.

ஆகவே உள்ளூர்க்காரர் ஓட்டை வெளியூர்க்காரர் ரத்து செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், எந்த உள்ளூர்க்காரரின் ஓட்டு பெட்டி வரைக்குமே வரவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் புகாரைக் கொடுத்தவர்களும் அதே மாநாட்டில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பிரதிநிதிகள்தானே.

நவம்பர் 13

"ஐயர் (குருவானவர்) ஒரு ஊரில் இருந்தால் அந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும், இதில் என்ன குழப்பம்?" என்று தனியாக ஒருவர் கேட்டார்.

இருக்காது. அதுதான் விஷயமே. எபிஸ்கோப்பல் குருவானவர் எங்கே வீடு வைத்திருக்கிறார் என்பது ஒன்று, எந்தத் திருமண்டலத்தின் ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது என்பது வேறு. ஒரு திருமண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, பழைய பேராயர் ஒரு மாற்றல் கடிதம் தர வேண்டும், புதிய பேராயர் அதை ஏற்க வேண்டும். ஒரு சபைக்குப் பொறுப்பாக முறைப்படி அழைக்கப்பட்ட குருவை, கடுமையான புகார் ஏதும் இல்லாவிட்டால், பேராயர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் துணைக் குரு, மருத்துவமனைச் சாப்ளின், பள்ளியில் வேலை பார்ப்பவர், ஓய்வு பெற்று வந்து குடியேறியவர், இவர்கள் விஷயத்தில் பேராயருக்குக் கை கொஞ்சம் நீளம்.

நான் எங்கள் திருமண்டல மாநாட்டில் (அமெரிக்காவில், ஊர் வேண்டாம்) சரிபார்ப்புக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். ஹோட்டல் விருந்து மண்டப வாசலில் நீள மேசை, அகர வரிசையில் உறைகள். குருமாருக்குப் பச்சை அட்டை, சபைப் பிரதிநிதிகளுக்கு மஞ்சள், மாற்றுப் பிரதிநிதிகளுக்கு வெள்ளை. வெள்ளை அட்டைக்காரர் தன் சபையின் மஞ்சள் அட்டைக்காரர் எழுந்து காப்பி குடிக்கப் போனால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட முடியாது. எங்கள் மேசைக்கு வந்து, அவருடைய அட்டையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, புதிதாக வாங்கிப் போக வேண்டும். இதற்குள் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு வயதான அம்மா வந்தார், குருவானவர். எங்கள் பக்கத்துச் சபையில் வருஷக்கணக்காகப் பிரசங்கம் செய்கிறவர், எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியவர். உறைகளைத் தேடினேன், இல்லை. அவர் பெயர் இன்னும் பழைய மாநிலத்து ஏட்டிலேயே இருக்கிறது. "எனக்குத் தெரியுமப்பா, விருந்தினர் அட்டை கொடு" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில், எங்கள் திருமண்டலத்தை விட்டுப் பல வருஷம் முன்பே போய் வேறு மாநிலத்தில் ஓய்வாக இருக்கும் ஒருவர், ஓட்டுப் போடவே விமானம் ஏறி வந்தவர், கோட்டும் காலருமாக வந்து நின்றார். அவருக்குப் பச்சை அட்டை தயாராக இருந்தது. இரண்டும் சட்டப்படி சரி. அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்து யோசித்தது இதைத்தான்: மண்டபத்துக்குள்ளே நடக்கும் ஓட்டெடுப்பை எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்கள், திரை போட்டுக் காட்டுகிறார்கள், எண்ணிக்கைக்குச் சாட்சி வைக்கிறார்கள். வாசலில் உள்ள பட்டியலை யார் தயாரித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நவம்பர் 13, பின்னிரவு

சபைப் பிரதிநிதிகள் பட்டியலும் சும்மா இல்லை. திருமண்டலத்துக்குச் சேர வேண்டிய பங்குத்தொகையைக் கட்டாத சபையின் பிரதிநிதிகளுக்கு ஓட்டு கிடையாது என்று விதி வைத்திருக்கும் திருமண்டலங்கள் உண்டு. ஏழைச் சபைகள்தான் பாக்கி வைக்கும். மேற்கொண்டு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

நவம்பர் 14

இரண்டு நாளாகச் சம்மத முறைக்காக வாதாடிவிட்டேன். இப்போது மறுபக்கம்.

சம்மதம் தர மறுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு ஸ்டாண்டிங் கமிட்டி கூடி, காப்பி குடித்து, "இல்லை" என்று எழுதி அனுப்பிவிடலாம், அல்லது எழுதாமலே இருந்துவிடலாம், இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஹோல்ட்டை மறுத்தவர்களில் எத்தனை பேர் பட்டியல் குளறுபடிக்காக மறுத்தார்கள், எத்தனை பேர் அவருடைய கருத்துகள் பிடிக்காமல் மறுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இனம் பற்றியும் ஓரினச்சேர்க்கை பற்றியும் அவர் முன்பு பேசியவை அப்போது பலமாக அடிபட்டன. அவரை ஆதரித்தவர்கள் இதைக் கொள்கைப் பழிவாங்கல் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் அப்படி நினைப்பவரை மறுக்க என் கையில் ஆதாரமும் இல்லை, முறை அப்படி.

இது புதிதும் இல்லை. 1875-ல் இல்லினாய் திருமண்டலம் ஜேம்ஸ் டிகோவன் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. ஆராதனையில் சடங்கு அதிகம், ரோமன் கத்தோலிக்க வாடை என்று ஸ்டாண்டிங் கமிட்டிகள் சம்மதிக்கவில்லை. இன்று அதே சபையின் நாட்காட்டியில் மார்ச் 22 அவருடைய நினைவு நாள். பேராயர் நாற்காலி தர மாட்டோம், வேண்டுமானால் பரிசுத்தவான் பட்டம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது நல்ல ஏற்பாடுதான்.

2009-ல் வட மிச்சிகனில் கெவின் தியூ ஃபாரெஸ்டர். தேர்தலில் நின்றது அவர் ஒருவர்தான், அதுவே சிலருக்கு உறுத்தியது. போதாததற்கு ஜென் பௌத்தத் தியான வழியில் அவருக்கு ஈடுபாடு, ஞானஸ்நான ஆராதனை வார்த்தைகளை மாற்றியிருந்தார். சம்மதம் கிடைக்கவில்லை. ஆகவே பழமைவாதிகளை மட்டும் வடிகட்டும் சல்லடை என்றும் சொல்ல முடியாது.

தென் கரோலினாவின் மார்க் லாரன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 2006-ல் தேர்வானார். சம்மதங்கள் வந்தன, ஆனால் சில ஸ்டாண்டிங் கமிட்டிகளின் சம்மதம் விதி சொல்லும் வடிவில் இல்லை. மின்னஞ்சலில் வந்தது, தேவையான கையெழுத்துகள் இல்லை. 2007 மார்ச்சில் தலைமைப் பேராயர் காதரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி தேர்தல் செல்லாது என்று அறிவித்தார். ஆகஸ்டில் மறுபடி தேர்தல், அதே லாரன்ஸ், இந்த முறை எல்லோரும் ஒழுங்காகப் பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், 2008 ஜனவரியில் அபிஷேகம். 2012-ல் அவரும் திருமண்டலத்தின் பெரும்பகுதியும் எபிஸ்கோப்பல் சபையை விட்டே போய்விட்டார்கள்! சம்மதிக்கத் தயங்கியவர்கள் "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றார்கள். போனவர்கள் "எங்களை எப்போது மதித்தீர்கள்" என்றார்கள். இருவரையும் நம்பலாம்.

நவம்பர் 15

ஒருவர்: "திருமண்டலமே ஓட்டுப் போட்டு வெளியே போகலாம் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் நாளைக்கே ஓட்டுப் போடுவார்கள்."

போகலாமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரே பதில் இல்லை, எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் திருமண்டலம் முதலில் போனது. திருமண்டலச் சாசனத்தைத் திருத்த இரண்டு மாநாடுகள் அடுத்தடுத்து ஏற்க வேண்டும் என்பது வழக்கமான விதி, ஒரே வருஷத்துக் கோபத்தில் வீட்டை இடித்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே 2006 டிசம்பரில் முதல் முறை, 2007 டிசம்பர் 8 அன்று ஃபிரெஸ்னோவில் இரண்டாவது முறை. குருமாரில் ஆதரவு 70, எதிர்ப்பு 12; சபையாரில் ஆதரவு 103, எதிர்ப்பு 10. எல்லாம் முறைப்படி. தென் அமெரிக்காவின் சதர்ன் கோன் ஆங்கிலிக்கன் மாகாணத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் 2008 மார்ச்சில் லோடை என்ற ஊரில் கூடித் திருமண்டலத்தைத் திரும்ப அமைத்தார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் வழக்கு. கலிபோர்னியாவில் சொத்து எபிஸ்கோப்பல் சபைக்குத்தான் என்று 2016-ல் முடிந்தது. டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தும் 2008-ல் அதே மாதிரி போனது, ஆனால் 2020-ல் மாநில உச்ச நீதிமன்றம் போனவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

சபைக் கட்டடம் அந்தச் சபையின் பெயரில் இருந்தாலும் திருமண்டலத்துக்கும் முழுச் சபைக்கும் பொறுப்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்று 1979-ல் ஒரு விதி சேர்த்தார்கள். டென்னிஸ் விதி என்பார்கள். அதற்கு எவ்வளவு பலம் என்பதில்தான் மாநில நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின.

ஆகவே உங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள்: ஓட்டு ஒரு மத்தியானத்தில் முடியும். பத்திரம் யார் பெயரில் என்பதைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

நவம்பர் 16

பட்டியல் பட்டியல் என்று ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறாய் என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். அவள் பெந்தெகொஸ்தே குடும்பம். அவர்கள் வீட்டில் தேர்தலும் இல்லை, பட்டியலும் இல்லை, பாஸ்டர் சொன்னால் சரி.

கொஞ்சம் பழைய கதை. பிலடெல்பியாவில் அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் கறுப்பின மக்கள் புனித தோமா சபையை அமைத்தார்கள். 1794-ல் அதைத் திருமண்டலத்தில் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: திருமண்டல மாநாட்டில் பங்கு கேட்கக் கூடாது. சபை உண்டு, குரு உண்டு, காணிக்கை உண்டு, நாற்காலி இல்லை. நியூயார்க்கில் புனித பிலிப்பு சபையும் அப்படித்தான், பல வருஷம் மாநாட்டில் மனுவைத் தள்ளித் தள்ளி வைத்து, 1853-ல்தான் அதன் பிரதிநிதிகளை உட்கார விட்டார்கள். அந்த வருஷங்களில் நியூயார்க் மாநாட்டில் நடந்த ஒவ்வொரு ஓட்டெடுப்பும் எண்ணிக்கைப்படி சுத்தமானதுதான்.

பெண்கள் கதை அதைவிட நீளம். 1946-ல் மிசௌரி திருமண்டலம் எலிசபெத் டையர் என்பவரை முழுச் சபையின் பொது மாநாட்டுக்கு அனுப்பியது, உட்கார வைத்தார்கள். அடுத்த மாநாடு 1949-ல். பெண்கள் நான்கு பேர் வந்தார்கள், முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவர் வந்தால் அதிசயம், நான்கு பேர் வந்தால் ஆபத்து போல. 1970-ல் ஹூஸ்டனில்தான் பெண்கள் பிரதிநிதிகளாக முறைப்படி உட்கார்ந்தார்கள். ஆறே வருஷத்தில், 1976-ல், பெண்களுக்குக் குருப்பட்டம் தரும் விதி நிறைவேறியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நம்ப மாட்டேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலத் திருமண்டலங்கள் பிரிந்து தனிச் சபை வைத்துக்கொண்டன. 1862-ல் நியூயார்க்கில் பொது மாநாடு கூடியபோது, வருகைப் பதிவில் தென் மாநிலத் திருமண்டலங்களின் பெயர்களை நீக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை, ஆப்சென்ட் என்பதோடு விட்டுவிட்டார்கள். 1865-ல் போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது பெயர் ஏட்டிலேயே இருந்தது, மறுபடி சேர்க்க மனு, விவாதம், எதுவும் தேவைப்படவில்லை. மற்ற பெரிய புராட்டஸ்டன்ட் சபைகளில் சில மறுபடி ஒன்றாக ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. இதைப் பெருந்தன்மை என்பார்கள். அடிமைத்தனத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்ததால் வந்த பெருந்தன்மை அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பினச் சபையின் பெயரை ஏட்டில் ஏற்றப் பல வருஷம் யோசித்தவர்கள், எதிரிப் படையில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை அடிக்க மனமில்லாமல் இருந்தார்கள்.

நவம்பர் 18

கொஞ்சம் இலகுவாக. மாநாடு என்றால் எப்போதும் இப்படி அனல் பறக்கும் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி நேரம் தூக்கம் வரும்.

இப்போது எல்லாம் கையில் ஒரு சின்ன ஓட்டுக் கருவி. முதலில் கருவி வேலை செய்கிறதா என்று ஒரு சோதனைக் கேள்வி போடுவார்கள், "டீயா காப்பியா" மாதிரி. ஒரு முறை எங்கள் மாநாட்டில் அந்தச் சோதனையில் மண்டபத்தில் இருந்தவர்களைவிட அதிக ஓட்டு விழுந்தது. பேராயர் மைக்கைப் பிடித்து, "உயிர்த்தெழுதலை நாம் நம்புகிறவர்கள்தான், ஆனாலும்..." என்றார். அன்று முழுக்கக் காகிதச் சீட்டு.

தீர்மானங்கள் வரும். உலக நாடு ஒன்றில் நடக்கும் போரைப் பற்றி ஒரு தீர்மானம் வந்தால் மைக்குக்கு முன்னால் வரிசை நிற்கும், ஆளுக்கு இரண்டு நிமிஷம், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், சட்ட ஆலோசகர் எழுந்து விளக்கம், ஒருவர் "நாம் எதற்கு ஓட்டுப் போடுகிறோம்?" என்று கேட்பார், உண்மையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் பிறகு அடுத்த வருஷ பட்ஜெட். திருமண்டலத்தின் முழுப் பணமும் அதில்தான். யாரும் மைக்குக்குப் போக மாட்டார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். கை தூக்கி முடித்துவிடுவார்கள்.

அந்த பட்ஜெட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு திருமண்டலமும் தன் வருமானத்தில் விலக்குத் தொகை போக மீதியில் 15 சதவீதத்தைத் தேசியத் திருச்சபைக்குக் கட்ட வேண்டும், முன்பு கேட்டுக்கொள்வார்கள், இப்போது விதியே அப்படி. குருமாரின் ஓய்வூதிய நிதிக்கு அவர்கள் ஊதியத்தில் 18 சதவீதத்தைச் சபை கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வரும் சபைக்கு இதையெல்லாம் கட்டி முழுநேர குருவை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அரைநேரக் குரு, இரண்டு சபைக்கு ஒரு குரு, பிறகு இரண்டு திருமண்டலத்துக்கு ஒரு பேராயர். வடமேற்குப் பென்சில்வேனியாவும் மேற்கு நியூயார்க்கும் அப்படி ஒரே பேராயரைப் பகிர்ந்துகொண்டன. அவர்தான் ஷான் ரோ, இந்த ஜூனில் லூயிவில் நகரில் நடந்த பொது மாநாட்டில் முதல் சுற்றிலேயே தலைமைப் பேராயராகத் தேர்வானார், இந்த மாதம் பதவியேற்றிருக்கிறார். விஸ்கான்சினில் மில்வாக்கி, ஃபாண்ட் டு லாக், ஓ கிளேர் என்று மூன்றாக இருந்தவை இந்த வருஷம் ஒரே திருமண்டலமாகிவிட்டன. நம்மூரில் திருமண்டலத்தைப் பிரித்துக் கேட்கிறார்கள், இங்கே சேர்த்துக் கட்டுகிறார்கள்.

நவம்பர் 19

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, பட்டியல் தப்பென்றே வைத்துக்கொள்வோம். அதற்குத் தண்டனை ஹோல்ட்டுக்கா? பட்டியலை அவரா தயாரித்தார்?"

நல்ல கேள்வி, இந்த இழையிலேயே இதுதான் நல்ல கேள்வி. அவர் தயாரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்கு அநியாயம் நடந்தது என்றுதான் சொல்வேன். முதல் தேர்தல் கோரத்தால் கெட்டது, இரண்டாவது பட்டியலால் கெட்டது, இரண்டையும் நடத்தியவர்கள் வேறு. ஆனால் பட்டியலில் இடம் கிடைக்காமல் போன குருமாருக்கு நடந்த அநியாயத்தை மூடி வைத்து ஹோல்ட்டுக்கு நியாயம் செய்ய முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் சரி செய்ய முடியும் என்றால் நான் எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்திருக்கும். ஆட்சேபத்தைத் தேர்தலுக்குப் பிறகுதான் கொடுக்க முடியும் என்பதால்தான் இந்தச் சிக்கலே. பட்டியலை முன்கூட்டியே எல்லோர் பார்வைக்கும் வைத்து, "என் பெயர் ஏன் இல்லை" என்று கேட்க ஒரு வழி இருந்தால், தேர்தல் நாளில் வேட்பாளர் தலையில் எதுவும் விழாது.

நவம்பர் 20

"நம் சபைத் தேர்தலில் வாக்காளர் பட்டியல் சேகரந்தோறும் ஒட்டத்தான் செய்கிறார்கள், அதனால் சண்டை நின்றதா?" என்று கேட்கிறார் இன்னொருவர்.

நிற்கவில்லை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்று எல்லோருக்கும் தெரிகிறது.

நவம்பர் 24

சும்மா பேசிக்கொண்டே இருக்காமல், எங்கள் திருமண்டலத்துக்கு ஒரு தீர்மானம் எழுதினேன். மாநாட்டுக்கு 60 நாள் முன்பே ஓட்டுரிமை உள்ள குருமார் பட்டியலை வெளியிட வேண்டும், மாற்றல் கடிதம் நிலுவையில் இருப்பவர்களின் பெயரை எந்தத் தேதியிலிருந்து நிலுவை என்பதோடு தனியாகப் போட வேண்டும், ஆட்சேபம் இருந்தால் ஸ்டாண்டிங் கமிட்டி மாநாட்டுக்கு முன்பே பதில் சொல்ல வேண்டும். மூன்றே பத்தி. பக்கத்துச் சபையின் அந்த வயதான அம்மாவிடம் காட்டினேன். இரண்டாவது பத்தியில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, "என் பெயரை முன்மொழிபவர்களில் போடாதே, எனக்கு ஓட்டே கிடையாது, சிரிப்பார்கள்" என்றார்.

நவம்பர் 27

தீர்மானக் கமிட்டியிலிருந்து பதில் வந்துவிட்டது, எதிர்பார்த்ததைவிட வேகம். மூன்று குறிப்புகள். ஒன்று, இந்த வருஷ மாநாடு முடிந்துவிட்டதால் அடுத்த வருஷத்துக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள், அது தெரிந்ததே. இரண்டு, நிலுவையில் இருப்பவர்கள் பெயரை வெளியிட்டால், புகார் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டவர் யார், வெறும் தாமதம் யார் என்று ஊரே ஊகிக்க ஆரம்பிக்கும், அது அந்தக் குருவுக்கே கெடுதல் என்று சட்ட ஆலோசகர் எழுதியிருக்கிறார். இதை நான் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், யோசித்தேன், ஆனால் அவர் எழுதியிருக்கும் விதத்தில் கனம் இருக்கிறது. பெயரைப் பொதுவில் போடாமல், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று மாற்றலாம். மூன்று, படிவத்தில் "இதற்கு ஆகும் செலவு" என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. தபால் செலவு மட்டும் என்று எழுதி அனுப்புகிறேன். கூட ஒரு குருவானவரும் ஒரு சபைப் பிரதிநிதியும் முன்மொழிபவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிரதிநிதி கிடைத்துவிட்டார். பச்சை அட்டை வைத்திருக்கும் ஒரு குருவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.